பைபாஸ் தேதி குறித்தாயிற்று, பயம் போகவில்லை

கேள்வி:

எனக்கு 58 வயது. ஆஞ்சியோகிராமில் மூன்று ரத்தக்குழாய்களில் அடைப்பு என்று வந்தது. பைபாஸ் ஆபரேஷனுக்குத் தேதி குறித்துவிட்டார்கள். இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. நெஞ்சு வலியைவிட இந்தக் காத்திருப்புதான் என்னைப் படுத்துகிறது. தினமும் இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. இதயத்தை நிறுத்திவிட்டுத்தான் ஆபரேஷன் செய்வார்களாம். அது மறுபடி ஓடாவிட்டால்? பாதியில் எனக்கு நினைவு வந்துவிட்டால்? வீட்டில் வாயைத் திறந்தால், “ஒண்ணும் ஆகாது, இப்பல்லாம் இது சாதாரணம்” என்று முடித்துவிடுகிறார்கள். வங்கிக் கணக்கு, காப்பீட்டு விவரங்களை ஒரு நோட்டில் எழுதி பீரோவில் ஒளித்து வைத்திருக்கிறேன். என் அண்ணனுக்கு நான்கு வருடத்துக்கு முன் இதே ஆபரேஷன் நடந்தது. இதயம் நன்றாக இருக்கிறது என்றுதான் டாக்டர்கள் சொல்கிறார்கள். ஆனால் ஆள் மாறிவிட்டார். தனியாக வெளியே போகமாட்டார், சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருப்பார், சின்ன விஷயத்துக்கும் கண் கலங்குகிறார். நானும் அப்படி ஆகிவிடுவேனா? டாக்டரிடம் பயமாக இருக்கிறது என்று சொன்னால் ஆபரேஷனையே தள்ளிப்போட்டுவிடுவாரோ என்று சொல்லாமல் இருக்கிறேன். முன்பு ஒருமுறை எழுதிக் கொடுத்த சீட்டை வைத்துத் தூக்க மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறேன். வீட்டுக்கு இது தெரியாது.

பதில்:

கடிதத்தின் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் கேள்விகளில் அவசரமானது அதுதான், நீங்கள் அதைக் கேள்வியாகக்கூட எழுதவில்லை.

அந்த மாத்திரையின் அட்டையை எடுத்துப் பெயரைப் பாருங்கள். அல்பிரஸோலம், குளோனாசிபாம் போன்ற வகையாக இருந்தால், சில வாரங்கள் தொடர்ந்து போட்டாலே உடம்பு அதற்குப் பழகிவிடும். அப்புறம் ஆபரேஷன் அன்று திடீரென்று நின்றுபோனால், ஐசியூவில் கைநடுக்கம், வியர்வை, கடும் பதற்றம், மனக்குழப்பம் எல்லாம் வரலாம். நீங்கள் இந்த மாத்திரை போட்டது அங்கே இருப்பவர்களுக்குத் தெரியாது. எதனால் இப்படி என்று தேடிக்கொண்டிருப்பார்கள். மயக்க மருந்து எவ்வளவு தேவைப்படும் என்ற கணக்கும் இதனால் மாறும். ஆகவே இந்த வாரமே மயக்க மருந்து டாக்டரிடமோ இதய டாக்டரிடமோ சொல்லிவிடுங்கள். நீங்களாகவே இன்று இரவு நிறுத்திவிடவும் வேண்டாம். குறைப்பதா, தொடர்வதா, மாற்றுவதா என்பதை அவர்கள் சொல்லட்டும். மதுப் பழக்கம் இருந்தால் அதற்கும் இதே பேச்சுதான். அளவைக் குறைத்துச் சொல்லும் ஆசை எல்லோருக்கும் வரும். அந்த டாக்டரிடம் மட்டும் குறைக்காதீர்கள்.

பயம் என்று சொன்னால் ஆபரேஷனைத் தள்ளிப்போடுவார்களோ என்கிறீர்கள். இதய அறுவை சிகிச்சைப் பிரிவோடு சேர்ந்து வேலை செய்யும் மனநல மருத்துவர் என்ற முறையில் சொல்கிறேன்: பயத்துக்காக மட்டும் தேதி தள்ளிப்போய் நான் பார்த்ததில்லை. சுகர் கட்டுக்குள் இல்லாமல், நெஞ்சில் சளி கட்டி, பல்லில் சீழ் வைத்துத் தள்ளிப்போவதைப் பார்த்திருக்கிறேன். பயத்தைச் சொன்னவர்களுக்கு நடந்தது வேறு. மயக்க மருந்து டாக்டர் கூடுதலாகக் கால் மணி நேரம் உட்கார்ந்து பேசினார். நர்ஸ் ஒருவர் முன்கூட்டியே ஐசியூவைக் காட்டினார். ஆபரேஷனுக்கு முந்தின இரவுக்குப் பொருத்தமான மருந்து எழுதினார்கள். சொல்லாதவர்களுக்கு இதில் எதுவும் கிடைப்பதில்லை. சுகர் அளவைச் சொல்வதுபோல இதையும் சொல்ல வேண்டும் என்பதுதான் என் கட்சி.

சரி, இரவு இரண்டு மணிக்கு வருவோம்.

பகலில் பயம் பெரிய கறுப்பு மூட்டைபோல ஓர் ஓரமாகக் கிடக்கும். வேலைகள் அதை மறைத்திருக்கும். இரவில் மூட்டை மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். அதைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே பத்துப் பன்னிரண்டு தனித்தனிக் கேள்விகள் இருக்கும். அவற்றில் முக்கால்வாசிக்கு யாரோ ஒருவரிடம் பதில் இருக்கிறது. உங்கள் கடிதத்திலேயே இரண்டைப் பிரித்து எழுதிவிட்டீர்கள். அவற்றை மட்டும் இப்போது பார்க்கிறேன்.

நிறுத்திய இதயம் மறுபடி ஓடாவிட்டால்? “நிறுத்துவது” என்ற சொல்தான் நம்மைக் குழப்புகிறது. விசையை அணைத்துவிட்டு, மறுபடி போட்டால் எரியுமா என்று பார்ப்பதுபோன்ற காரியம் அல்ல அது. பொட்டாசியம் கலந்த, பெரும்பாலும் குளிரூட்டிய ஒரு திரவத்தை இதயத்தின் ரத்தக்குழாய்களுக்குள் செலுத்துவார்கள். இதயத் தசை தளர்ந்து ஓய்வெடுக்கும். அந்த நேரத்தில் அதற்குத் தேவைப்படும் சக்தியும் மிகக் குறைவு. ரத்தத்துக்கு ஆக்சிஜன் ஏற்றி உடம்பு முழுக்கச் சுற்றவிடும் வேலையை இதய நுரையீரல் எந்திரம் செய்யும். அந்த எந்திரத்தைப் பார்த்துக்கொள்ள மட்டும் தனியாக ஒருவர் பக்கத்திலேயே இருப்பார். தையல் முடிந்து, பெரிய ரத்தக்குழாயைப் பிடித்திருந்த கிடுக்கியை எடுத்ததும் வெதுவெதுப்பான ரத்தம் இதயத் தசைக்குள் பாய்ந்து பொட்டாசியத்தைக் கழுவிக்கொண்டு போய்விடும். பெரும்பாலும் இதயம் தானாகவே துடிக்க ஆரம்பிக்கும். சிலருக்கு முதலில் தாறுமாறாகத் துடிக்கும். சின்னதாக ஒரு மின் அதிர்வு கொடுத்துச் சீராக்குவார்கள். துடிப்பு மெதுவாக இருந்தால் வேகப்படுத்துவதற்கென்று மெல்லிய தற்காலிகக் கம்பிகளை இதயத்தின் மேல் வைத்து வெளியே கொண்டுவந்திருப்பார்கள். உங்களைப் பயமுறுத்தும் அந்தத் தருணத்துக்கு, அறையில் இருப்பவர்கள் இரண்டு மூன்று அடுக்காகத் தயாராக நிற்கிறார்கள்.

இந்த எந்திரத்துக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 1931இல் ஜான் கிப்பன் என்ற இளம் டாக்டர், நுரையீரல் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி அடைத்துக்கொண்ட ஒரு பெண்ணின் அருகில் இரவு முழுக்க உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண் பிழைக்கவில்லை. ரத்தத்தை வெளியே எடுத்து ஆக்சிஜன் ஏற்றித் திருப்பி அனுப்ப ஒரு வழி இருந்தால் என்று அன்றிரவு யோசித்தவர், அதன்பின் ஏறத்தாழ இருபது வருடம் அதிலேயே கிடந்தார். 1953 மே மாதம் பிலடெல்ஃபியாவில் 18 வயதுப் பெண் ஒருவரின் இதயத்திலிருந்த ஓட்டையை அந்த எந்திரத்தின் துணையோடு அடைத்தார். அந்த வழியில் வந்த எந்திரங்கள் ஏறத்தாழ எழுபது வருடமாக உலகம் முழுக்கப் பயன்படுகின்றன. உங்களுக்கு அது தேவைப்படாமலும் போகலாம்; துடிக்கும் இதயத்திலேயே பைபாஸ் செய்யும் முறையும் உண்டு. எந்த முறை என்று சர்ஜனிடம் கேளுங்கள்.

பாதியில் நினைவு வந்துவிட்டால்? இதை முழுப் பொய்யான பயம் என்று சொல்லமாட்டேன். அரிதாக நடந்திருக்கிறது. அதனால்தான் மயக்க மருந்து டாக்டர் ஆபரேஷன் முழுக்க உங்கள் தலைமாட்டிலேயே இருக்கிறார். பல இடங்களில் நெற்றியில் ஒரு பட்டையை ஒட்டி மூளையின் மின்னலைகளையும் பார்த்துக்கொள்கிறார்கள். முன்பு எப்போதாவது மயக்க மருந்தில் பிரச்சினை வந்திருந்தால் சொல்லுங்கள். இந்தப் பயம் இருப்பதையும் இதே வார்த்தையில் சொல்லுங்கள்: “பாதியில் முழிச்சுக்குவேனோன்னு பயமா இருக்கு.” அவர் சிரிக்கமாட்டார். அவர் காதில் தினமும் விழும் கேள்வி அது.

மூன்றாவது கேள்வி ஒன்று இருக்கிறது. அதை நீங்கள் எழுதவில்லை. பீரோவில் இருக்கும் நோட்டு அதைச் சொல்லிவிட்டது. திட்டமிட்டுச் செய்யும் பைபாஸில், வேறு பெரிய நோய் இல்லாதவர்களுக்கு, உயிர் ஆபத்து பொதுவாக நூற்றுக்கு ஒன்று இரண்டு என்ற அளவில் இருக்கும். வயது, சிறுநீரகம், சுகர், இதயம் எவ்வளவு பலமாக ரத்தத்தைத் தள்ளுகிறது என்பதை வைத்து இது ஏறும், இறங்கும். உங்களுக்கான எண்ணைச் சர்ஜனால் கணக்குப் போட்டுச் சொல்ல முடியும். எண்ணைக் கேட்டதும் நிம்மதியடைகிறவர்கள் உண்டு. நூற்றில் அந்த ஒன்று நான்தான் என்று அதையே பிடித்துக்கொள்கிறவர்களும் உண்டு. நீங்கள் எந்த ரகம் என்பது உங்களுக்குத்தான் தெரியும். வேண்டாம் என்றால், “எனக்கு எண் வேண்டாம் டாக்டர், என் மனைவியிடம் சொல்லுங்கள்” என்று சொல்லலாம்.

நோட்டு எழுதியது நல்ல காரியம். அதை ஒளித்து வைத்ததுதான் சரியில்லை. நீங்கள் ஒளித்ததால் அது ரகசியமாகிவிட்டது, ரகசியமானதால் கனக்கிறது. மனைவியிடம் எடுத்துக் காட்டுங்கள். ஆபரேஷன் இல்லாவிட்டாலும் ஒரு வீட்டில் இருக்க வேண்டிய நோட்டுதானே அது? அப்படிச் சொல்லியே காட்டலாம்.

“ஒண்ணும் ஆகாது” என்பதைப் பற்றி. அது உங்களுக்குச் சொல்லும் ஆறுதல்போல இருக்கும். பாதி அவர்கள் தங்களுக்கே சொல்லிக்கொள்வது. நீங்கள் பயத்தைச் சொன்னால் தங்கள் பயமும் வெளியே வந்துவிடும் என்று அவசரமாகக் கதவைச் சாத்துகிறார்கள். கோபப்பட வேண்டாம். உட்காரவைத்து, “எனக்குப் பதில் வேண்டாம். பத்து நிமிடம் குறுக்கே பேசாமல் கேட்டால் போதும்” என்று சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள். பதில் சொல்ல வேண்டியதில்லை என்று தெரிந்ததும் மனிதர்கள் ஆச்சரியமாக நன்றாகக் கேட்பார்கள்.

இந்த மூன்று வாரத்தை எப்படிக் கழிப்பது? அண்மையில் வந்த ஒருவர் நெஞ்சைப் பிளந்து செய்யும் ஆபரேஷன் வீடியோக்களை இரவில் வரிசையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். “தெரிஞ்சுக்கறது நல்லதுதானே டாக்டர்?” என்றார். தெரிந்துகொள்வது நல்லதுதான். ஆனால் அந்த வீடியோவில் தெரிவது சர்ஜன் பார்க்கும் காட்சி. நீங்கள் அதைப் பார்க்கப்போவதே இல்லை. உங்களுக்குத் தெரிய வேண்டியது, கண் விழிக்கும்போது என்ன இருக்கும், எங்கே வலிக்கும், அப்போது என்ன செய்யலாம் என்பது.

பாஸ்டனில் உள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் 97 பேரை வைத்துச் செய்த ஒரு சோதனை 1964இல் வெளிவந்தது. எல்லோருக்கும் வயிற்றில் ஆபரேஷன். ஒரு பாதிப் பேரிடம் மட்டும் மயக்க மருந்து டாக்டர் முன்கூட்டியே உட்கார்ந்து, இந்த இடத்தில் இப்படி வலிக்கும், அது இயல்பு, தசையை இப்படித் தளர்த்துங்கள், இப்படிப் புரண்டு படுங்கள் என்று சொல்லிக் கொடுத்தார். அப்படிக் கேட்டுக்கொண்டவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பின் தேவைப்பட்ட வலி மருந்து மற்றவர்களுக்குத் தேவைப்பட்டதில் ஏறக்குறைய பாதிதான். வெறும் பேச்சு! இது வயிற்று ஆபரேஷன் ஆயிற்றே என்பீர்கள். ஜெர்மனியில் மார்புர்க்கில் பைபாஸ் நோயாளிகள் 124 பேரிடம் நடந்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. ஒரு குழுவினரோடு ஆபரேஷனுக்கு முன்பே சில முறை பேசி, ஆபரேஷன் முடிந்த பிறகு நான் என்னென்ன செய்வேன், எந்தத் தொல்லை வந்தால் எப்படிச் சமாளிப்பேன் என்று திட்டம் போடவைத்தார்கள். ஆறு மாதம் கழித்து, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட அவர்களுக்கு அன்றாட வேலைகளில் இருந்த சிரமம் குறைவாக இருந்தது.

நீங்களும் அந்த நோட்டின் பின்பக்கத்தைத் திருப்பி எழுதலாம். ஒரு மாதத்தில் எவ்வளவு தூரம் நடப்பேன், மூன்றாம் மாதம் எந்த வேலையைத் திரும்பக் கையில் எடுப்பேன், யாரைப் பார்க்கப் போவேன். முன்பக்கத்தில் நீங்கள் இல்லாத வீட்டுக்கு எழுதியிருக்கிறீர்கள். பின்பக்கத்தில் நீங்கள் இருக்கும் வீட்டுக்கு எழுதுங்கள்.

மூச்சுப் பயிற்சியை இப்போதே பழகிக்கொள்ளுங்கள். மூன்று பந்து வைத்த பிளாஸ்டிக் கருவி ஒன்றைக் கொடுப்பார்கள். ஆபரேஷனுக்குப் பின் நுரையீரல் சுருங்காமல் இருக்க அது உதவும். அதோடு, பதற்றத்துக்கென்று ஒன்று: நான்கு எண்ணும்வரை மூக்கால் இழுத்து, ஆறு அல்லது ஏழு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். வெளிவிடும் மூச்சு நீளும்போது நாடி சற்றே இறங்கும். இரண்டு மணிக்கு விழித்தால் படுக்கையில் புரண்டுகொண்டிருக்காமல் எழுந்து உட்கார்ந்து ஐந்து நிமிடம் இதைச் செய்யுங்கள். மனதில் ஓடும் கேள்வியைத் தாளில் குறித்துவிட்டுப் படுங்கள். காலையில் அதை யாரிடம் கேட்பது என்று பக்கத்தில் ஒரு பெயர் எழுதினால் போதும்.

ஓர் எச்சரிக்கை. காத்திருக்கும் இந்த நாட்களில் நெஞ்சு வலி அடிக்கடி வந்தாலோ, ஓய்வில் இருக்கும்போதே வந்தாலோ, வழக்கமான மருந்துக்கு அடங்காவிட்டாலோ, “பதற்றமாக இருக்கும்” என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இனி ஐசியூ. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பின்னால் வரும் பல பயங்களுக்கு விதை அங்கேதான் விழுகிறது.

கண் விழிக்கும்போது வாயில் ஒரு குழாய் இருக்கும். வென்டிலேட்டர் உங்களுக்காக மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். குழாய் குரல்நாண்களுக்கு நடுவே போவதால் உங்களால் பேச முடியாது. குரல் போய்விட்டது என்று அர்த்தமல்ல. குழாயை எடுத்ததும் கரகரப்பாகத் திரும்ப வரும். அரைத் தூக்கத்தில் குழாயைப் பிடுங்கிவிடக் கூடாது என்று கைகளைத் தளர்வாகக் கட்டியிருக்கலாம். இது தெரியாமல் விழிப்பவருக்கு எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள்: பேச்சு இல்லை, கை அசையவில்லை, நெஞ்சு கனக்கிறது, எங்கோ மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. தெரிந்து விழிப்பவருக்கு அதே நேரம் “ஆ, சொன்னார்களே, அதுதான் இது” என்று கழியும். எந்திரத்தோடு மல்லுக்கு நிற்காமல், அது கொடுக்கும்போது வாங்கிக்கொண்டு படுத்திருங்கள். வலி என்றால் ஒரு விரல், தாகம் என்றால் இரண்டு என்று நர்ஸோடு முன்பே பேசிவைத்துக்கொள்ளலாம். மணிகள் அடிப்பதில் பெரும்பாதி, ஒயர் நழுவியது, மருந்து தீரப்போகிறது என்பதற்காக அடிப்பவை.

அடுத்தது, யாரும் முன்கூட்டிச் சொல்லாத விஷயம். இதய ஆபரேஷனுக்குப் பின் முதல் சில நாட்களில் தற்காலிக மனக்குழப்பம் வருவது சகஜம். வயது கூடக் கூட அதிகம். டெலிரியம் என்று சொல்வார்கள். இரவில் கூடும், காலையில் தெளியும், மறுபடி இரவில் வரும். சுவரில் பூச்சி ஊர்வதுபோலத் தெரியலாம். நர்ஸ்கள் தன்னைக் கொல்லப் பார்க்கிறார்கள் என்று தோன்றலாம். மிகவும் நிதானமான, ஓய்வு பெற்ற ஒரு மனிதர், தன்னைக் கப்பலில் கடத்திக்கொண்டு போவதாக இரண்டு இரவு நம்பிக்கொண்டிருந்தார். ஏசி சத்தம்தான் கப்பல் எந்திரம். மூன்றாம் நாள் தெளிந்துவிட்டார். ஆனால் அந்த இரண்டு இரவுகளை ஒன்றரை வருடம் யாரிடமும் சொல்லவில்லை. தனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதாக நினைப்பார்களே என்ற வெட்கம். இரவானால் ஏசி சத்தமே ஆகாமல் போனது. ஏன் என்று வீட்டில் யாருக்கும் புரியவில்லை.

ஆகவே இதை உங்கள் வீட்டில் இருப்பவர்கள் படிக்கட்டும். கண்ணாடி, காது கருவி இருந்தால் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள். டாக்டர் அனுமதித்ததும் மாட்டிவிடுங்கள். உள்ளே விடும்போது இன்று என்ன கிழமை, மணி என்ன, ஆபரேஷன் முடிந்துவிட்டது என்று திரும்பத் திரும்ப அமைதியாகச் சொல்லுங்கள். அவர் கப்பல் என்றால், இல்லை என்று வாதாட வேண்டாம். “நான் பக்கத்தில் இருக்கேன்” என்று சொன்னால் போதும். நர்ஸிடம் உடனே சொல்லுங்கள். காய்ச்சலோ உப்புச் சத்துக் குறைவோ மருந்தோ காரணமாக இருக்கலாம், அதைத் தேட வேண்டும்.

வார்டுக்கு வந்த பிறகு, மூன்றாம் நான்காம் நாள் வாக்கில் இரண்டு விஷயம் நடக்கலாம். ஒன்று, காரணமில்லாமல் அழுகை வரும். எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டதே என்று எல்லோரும் சிரிக்கும்போது உங்களுக்கு மட்டும் தொண்டை அடைக்கும். தூக்கமின்மை, வலி, பெரிய காயம், இத்தனை நாள் இறுக்கிப் பிடித்திருந்தது தளர்வது எல்லாம் சேர்ந்தது அது. அழுதுவிடுங்கள். இருமினால் வலிப்பதுபோல அழுதாலும் நெஞ்சு வலிக்கும். ஒரு தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, நெஞ்சு திடீரென்று தடதடவென்று ஒழுங்கில்லாமல் அடிக்கலாம். பைபாஸ் முடிந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு என்று சொல்லும் அளவுக்கு இது நடக்கிறது. இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள்வரை அதிகம். இதயத்தின் மேலறைகள் சீரில்லாமல் துடிப்பதால் வருவது. பெரும்பாலும் மருந்தில் அடங்கிவிடும். இதை நோயாளிகள் பயம் என்று நினைத்துச் சொல்லாமல் விடுகிறார்கள், அல்லது ஆபரேஷனே தோற்றுவிட்டது என்று நினைத்துக் கலங்குகிறார்கள். இரண்டும் தவறு. மணி அடித்து நர்ஸைக் கூப்பிடுங்கள்.

நோயாளிகள் என்னிடம் அதிகம் பேசுவது ஆஸ்பத்திரியைப் பற்றி அல்ல, டிஸ்சார்ஜ் ஆன முதல் இரவைப் பற்றி. அங்கே திரையில் கோடு ஓடிக்கொண்டிருந்தது. கோணலாகப் போனால் யாராவது ஓடிவருவார்கள். வீட்டில் திரை இல்லை, மணி இல்லை. மல்லாந்து படுத்தால் காதுக்குள் இதயம் அடிக்கிறது. அந்த வேலையை இப்போது நான்தான் பார்க்க வேண்டும் என்று மனம் எடுத்துக்கொள்கிறது. உங்கள் அண்ணனின் விரல் நாடிக்குப் போனது அப்படித்தான் தொடங்கியிருக்கும் என்பது என் ஊகம். நாடியைப் பார்க்கிறார், சரியாக இருக்கிறது, நிம்மதி. அந்த நிம்மதிக்கு ஆயுள் ஐந்து நிமிடம். பிறகு இன்னொரு முறை. பார்க்கப் பார்க்கச் சந்தேகம்தான் வளரும். பார்ப்பதாலேயே பதற்றம் வந்து நாடி வேகமாகும். வேகமாக இருப்பதைக் கண்டு பயம் கூடும். தனியாக வெளியே போகாததும் அதே கதை. போகாத ஒவ்வொரு நாளும், போகாததால்தான் பிழைத்தோம் என்று மனம் கணக்கு எழுதிக்கொள்கிறது.

ஆரம்பத்திலேயே இதை வெட்டிவிடுவது சுலபம். நாடி, பிரஷர் எல்லாம் டாக்டர் சொன்ன நேரத்துக்கு மட்டும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்றால் அத்தோடு சரி. நடையைத் தினமும் கொஞ்சம் கூட்டுங்கள். முதலில் துணையோடு, பிறகு துணை ஐம்பது அடி பின்னால், பிறகு தனியாக. இதய மறுவாழ்வுப் பயிற்சி இருக்கும் இடம் என்றால் கட்டாயம் சேருங்கள். அது இதயத்துக்கு என்று நினைக்கிறார்கள். மனதுக்கு அது செய்வதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். ஒரு பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் நிற்க, வியர்க்க வியர்க்க டிரெட்மில்லில் நடந்து, மூச்சு வாங்கி, ஒன்றும் ஆகாமல் கீழே இறங்குகிறீர்கள். வீட்டார் நூறு தடவை சொன்ன “ஒண்ணும் ஆகாது” அன்றைக்குத்தான் உடம்புக்குள் இறங்கும். அப்புறம் வீட்டார் இன்னொரு தவறும் செய்வார்கள்: ஒரு டம்ளரைக்கூடத் தூக்கவிடமாட்டார்கள். பளு தூக்குவதற்குத் தடை உண்டுதான். அறுத்துக் கம்பியால் கட்டிய மார்பெலும்பு கூட ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும். ஆனால் டம்ளர் பளு அல்ல.

உடம்பு அனுப்பும் சில செய்திகளை முன்பே தெரிந்துகொண்டால் பாதிப் பயம் மிச்சம். அடைப்பைத் தாண்டி மாற்றுவழி போட நெஞ்சுக்கூட்டின் உள்பக்கத்திலிருந்து ரத்தக்குழாய் எடுத்திருந்தால் இடப்பக்க மார்பு பல மாதம் மரத்துப்போயிருக்கும், அல்லது சுரீர் சுரீர் என்னும். காலில் குழாய் எடுத்திருந்தால் அந்தக் கணுக்கால் வீங்கும். தோள்பட்டையும் முதுகும் வலிக்கும். பசி, ருசி, ஞாபகம், கவனம் எல்லாம் கொஞ்ச நாள் மந்தமாக இருக்கும். கனவுகள் விசித்திரமாக வரும். தாம்பத்திய உறவு பற்றிக் கேட்கக் கூச்சப்படுவீர்கள், எல்லோரும் கூச்சப்படுகிறார்கள். இரண்டு மாடிக்குப் படியில் மூச்சு முட்டாமல் ஏற முடிந்தால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை, எலும்பு கூடும்வரை நெஞ்சில் பாரம் விழாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதற்கு மாறாக, நெஞ்சை அழுத்தும் வலி, சும்மா இருக்கும்போதே மூச்சுத்திணறல், மயக்கம், அடங்காத படபடப்பு, பேச்சுக் குழறல், ஒரு பக்கம் கை கால் விழுவது, காய்ச்சல், காயத்தில் நீர் வடிவது, மார்பெலும்பு ‘கிளிக்’ என்று அசைவது: இவற்றில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரியைக் கூப்பிடுங்கள். பயத்தால் வரும் படபடப்பும் இதயத்தால் வரும் படபடப்பும் உள்ளேயிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் இருக்கும். முதல் சில வாரங்களில் எது எது என்று பிரிக்கும் பொறுப்பை நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம். இசிஜி எடுத்து, ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பினால் அதில் வெட்கம் என்ன?

மனம் எப்போது தேற வேண்டும் என்று கணக்கு உண்டா? அழுகையும் எரிச்சலும் சோர்வும் முதல் சில வாரம் வந்து வந்து போகும்; நல்ல நாட்கள் மெல்லக் கூடிக்கொண்டே வரும். அப்படிக் கூடாமல், இரண்டு வாரத்துக்கு மேல் நாள் முழுக்க மனச்சோர்வு, எதிலும் பிடிப்பில்லாமை, மாத்திரையை வேண்டுமென்றே விடுவது, வெளியே போவதைத் தவிர்ப்பது, ஐசியூ காட்சிகள் திரும்பத் திரும்ப வருவது என்றிருந்தால் அது சிகிச்சை கேட்கும் நிலை. பைபாஸ் முடிந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் வருகிறது. செத்துப்போனால் தேவலை என்ற நினைப்பு வந்தால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றே சொல்லுங்கள். பேச்சு வழிச் சிகிச்சை நன்றாகவே வேலை செய்கிறது. அமெரிக்காவில் பைபாஸ் முடிந்து மனச்சோர்வில் இருந்த 302 பேரிடம் நடந்த ஒரு சோதனை 2009இல் வெளியானது. நர்ஸ்கள் எட்டு மாதம் தொலைபேசியில் பேசி, மருந்து, சிகிச்சை எல்லாவற்றையும் ஒழுங்காகத் தொடரவைத்ததே நல்ல பலன் தந்தது. மாத்திரையும் உண்டு, செர்ட்ராலின் போன்றவை இதய நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்கப்பட்டவை. ஆனால் ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மருந்துகளோடு சேரும்போது ரத்தக்கசிவு வாய்ப்பு கூடும். சில மனநல மாத்திரைகள் இதயத் துடிப்பின் மின்னோட்டத்தையும் மாற்றும். எழுதிக் கொடுப்பவருக்கு உங்கள் முழு மருந்துச் சீட்டும் தெரிந்திருக்க வேண்டும்.

நானும் அண்ணன்போல ஆகிவிடுவேனா என்று கேட்டிருந்தீர்கள். ஆக வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. உங்களுக்கு இருக்கும் மூன்று வாரம் அவருக்கு இருந்ததா, யாராவது அவரிடம் இதையெல்லாம் பேசினார்களா என்பது சந்தேகம். நான்கு வருடம் ஆன பிறகும் நாடியைப் பிடித்துக்கொண்டிருப்பது ஆபரேஷனின் பலன் அல்ல, யாரும் வைத்தியம் பார்க்காத பதற்ற நோய். இன்றைக்கு ஆரம்பித்தாலும் குணமாக்கலாம். தேதிக்கு முன்னால் ஒரு நாள் தனியாகப் போய் அவரைப் பாருங்கள். தைரியம் சொல்லவும் வேண்டாம், கேட்கவும் வேண்டாம். “ஐசியூல உனக்கு என்னண்ணே ஆச்சு?” என்று மட்டும் கேளுங்கள். நான்கு வருடத்தில் அவரிடம் இதை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன். அவர் பேசினால், அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

மாத்திரை அட்டையை மறக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.